அப்பாவின் 31 நோட்டு, என் ஒரு எக்செல்: எதில் போவது?

கம்பம்மெட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கம்பத்தில். தோட்டம் மேலே, கம்பம்மெட்டு தாண்டி கேரளப் பக்கம், ஆறு ஏக்கர் ஏலக்காய். அப்பாவுக்கு 74 வயது. 1987இலிருந்து தோட்டத்துச் சங்கதி எல்லாவற்றையும் இரண்டு குயர் நோட்டில் எழுதி வருகிறார். மொத்தம் 31 நோட்டு. ஆள் கணக்கு, உரம், மருந்து, ஸ்டோருக்குப் போன பச்சைக் காய், உலர்ந்து திரும்பிய காய், ஜீப் வாடகை, காலையில் அளந்த மழை, எல்லாம் அதில்தான். நடுவே “சின்னவளுக்குக் காய்ச்சல் 102” என்றும் இருக்கும். அது என் தங்கை.

மூன்று வருடமாக நிர்வாகம் என் கையில். முதல் வருடம் எக்செலில் பத்து ஷீட் போட்டேன், பார்க்கவே அழகாக இருந்தது. ஆனால் சரிவில் நின்றுகொண்டு லேப்டாப்பைத் திறக்க முடியுமா? இரண்டாம் வருடம் போனில் ஒரு குறிப்புச் செயலிக்கு மாறினேன். மேலே பாதி நேரம் சிக்னல் இருக்காது. இருந்தால் எந்த மாநிலத்து டவர் என்று போனுக்கே குழப்பம். ஒருநாள் சிங்க் ஆகும்போது ஆறு வாரக் குறிப்பைச் செயலி விழுங்கிவிட்டது. மூன்றாம் வருடம் வெறுத்துப்போய் எதையும் ஒழுங்காக எழுதவில்லை.

போன மாதம் ஓடைப் பக்கத்து மூலையில் அழுகல் கண்டது. இதே மூலையில் முன்பும் வந்ததாக ஞாபகம். எந்த வருடம், என்ன அடித்தோம், எத்தனை நாளில் நின்றது என்று தெரியவேண்டும். அப்பாவிடம் கேட்டேன். கண்ணை மூடினார். “பச்சை அட்டை நோட்டு, பாதிக்கு மேல, வலது பக்கம், மேல் ஓரத்துல எண்ணெய்க் கறை இருக்கும் பாரு” என்றார். நாலு நிமிடத்தில் எடுத்துவிட்டேன். போர்டோ கலவை (பூஞ்சைக்கு அடிக்கும் மருந்து) ஒரு சதவீதம், இரண்டு தடவை, நடுவே எத்தனை நாள் என்பது வரை இருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த 31 நோட்டுக்கும் தேடும் வசதி அப்பாவின் மண்டைக்குள் இருக்கிறது. அவருக்குப் பிறகு?

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடவா, இல்லை நானும் நோட்டுக்கே திரும்பவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நிரல்_கொழிஞ்சாம்பாறை

நோட்டுக்குத் திரும்பாதீர்கள். உங்களைக் கவிழ்த்தது கணினி இல்லை, அந்தச் செயலி. சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்றால் ஓர் இடத்தில் அழிந்தது எல்லா இடத்திலும் அழியும். இதைப் பட்டுத்தான் எல்லோரும் தெரிந்துகொள்கிறோம்.

நான் 12 வருடமாக வெறும் உரைக் கோப்பில் எழுதுகிறேன், ஆர்க் மோட் என்ற இலவச நிரல் வழியாக. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தன் சொந்தக் குறிப்புகளுக்காக எழுதியது. எந்த நிறுவனம் மூடினாலும் கவலையில்லை, நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். 31 நோட்டையும் ஒரு கல்லூரிப் பையனை வைத்துத் தட்டச்சு செய்துவிடுங்கள். ஒரு முறை கஷ்டம், அப்புறம் நிம்மதி.

கம்பம்மெட்டுக்காரன்

இரண்டு குயர் நோட்டு 192 பக்கம். 31 நோட்டு என்றால் ஆறாயிரம் பக்கத்துக்குப் பக்கம். அதுவும் அப்பாவின் கையெழுத்து. எந்தப் பையனும் இரண்டாம் நோட்டிலேயே ஓடிவிடுவான்.

வாளையார்_லாரி

நான் கணினிக் கட்சி. புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி, பொள்ளாச்சியிலிருந்து தேங்காய், எல்லாம் கேரளாவுக்குள் போகும். நோட்டில் எழுதினால் அது என் மேசையில் கிடக்கும். டிரைவர் திருச்சூரில், சரக்குப் பார்ட்டி பொள்ளாச்சியில், இரண்டு பேருக்கும் அதே விவரம் அதே நிமிடம் வேண்டும்.

முன்பெல்லாம் சோதனைச்சாவடியில் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், இரவு முழுக்க நின்ற காலமும் உண்டு. ஜிஎஸ்டி வந்த பிறகு இ-வே பில், அதாவது சரக்கோடு போகவேண்டிய இணையச் சீட்டு. வரிக்கு உட்பட்ட சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் அது இல்லாமல் வண்டி நகரக் கூடாது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. வழியில் வண்டி நின்றுவிட்டால் கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்தாக வேண்டும். டயர் வெடித்த இரவில் எந்த நோட்டைப் புரட்டுவது? போனில் இரண்டு நிமிட வேலை.

நோட்டு எழுதுகிறவனுக்கு மட்டும்தான் உதவும் தம்பி. வேலை நாலு பேர் கைக்குப் போனால் கணினிதான்.

கறார்_காசி

மன்னிக்கவும், முறை தேடுவதே ஒரு நோய். செடியைப் பார்க்கிற நேரத்தில் ஷீட்டுக்குக் கலர் அடித்தால் அழுகல் வராமல் என்ன செய்யும்?

பழைய_பேரேடு

போடியில் 38 வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். தம்பி கேட்ட கேள்வியிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்த்தால் காகிதமா கணினியா என்ற சண்டை பாதி குறையும்.

எங்கள் காலத்தில் கணக்கு இரண்டு புத்தகத்தில் நடக்கும். ஒன்று நாள்வழி. நடந்தது நடந்த வரிசையில் விழும். காலையில் மூட்டை வந்ததா, எழுது. மதியம் கூலி கொடுத்தாயா, எழுது. இன்னொன்று பேரேடு. அதில் ஆளுக்கு ஒரு பக்கம், இனத்துக்கு ஒரு பக்கம். ராத்திரி கடையைக் கட்டுவதற்கு முன் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டில் பெயர்ப்போம். பெயர்க்கும்போது நாள்வழிப் பக்க எண்ணைப் பேரேட்டு ஓரத்திலும், பேரேட்டுப் பக்க எண்ணை நாள்வழி ஓரத்திலும் போட்டாக வேண்டும். போடாவிட்டால் என் முதலாளி நோட்டைத் தூக்கி மேலே எறிவார். உண்மையிலேயே எறிவார்.

உங்கள் அப்பா வைத்திருப்பது முழுக்க நாள்வழி. 37 வருட நாள்வழி! பேரேடே கிடையாது, அது அவர் தலையில் இருக்கிறது. நீங்கள் செய்தது அதற்கு நேர் எதிர். எடுத்த எடுப்பில் பத்து ஷீட், அதாவது பத்துப் பேரேடு. நாள்வழியே இல்லை. தோட்டத்தில் நிற்கும்போது ஒரு சங்கதி தோன்றினால் அது எந்த ஷீட்டுக்குப் போகும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்கும் நேரத்தில் ஆள் வந்து ஏதோ கேட்பான், சங்கதி மறந்துபோகும். செயலி விழுங்கியது ஆறு வாரம்தான். இப்படி விழுங்கியது எவ்வளவோ.

நாள்வழி கையில் இருக்கட்டும். பேரேடு கணினிக்குப் போகட்டும். எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டாம். எந்தச் சங்கதி எந்தப் பக்கத்தில் என்பது மட்டும் போதும்.

நம் ஊர்த் தொழிலையே பாருங்கள். போடியிலும் புத்தடியிலும் ஏலக்காய் ஏலம் இன்று கணினியில்தான். வியாபாரி திரையைப் பார்த்து விசையைத் தட்டுகிறார். ஆனாலும் மாதிரிக் காய் தட்டில் வருகிறது, கையில் எடுத்து உருட்டி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை ஏற்றுகிறார்.

வாளையார்_லாரி

அண்ணே, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. இன்று வெளியே இருக்கும் வண்டி நம்பர், எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார், சாக்பீஸில். வண்டி திரும்பினால் அழித்துவிடுவோம். போன் பேசிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் எல்லா வண்டியும் தெரியும். கணினியில் அதே பட்டியல் உண்டு, யாரும் திறப்பதில்லை. நாள்வழி, பேரேடு இரண்டிலும் சேராத இது என்ன புத்தகம்?

பழைய_பேரேடு

அது கல்லாவுக்கு மேல் ஆணியில் மாட்டிய சீட்டு. இன்றைக்கு முடிக்க வேண்டியது. முடிந்தால் கிழித்துப் போடுவோம். அதைச் சேர்த்து வைக்கவே கூடாது.

செங்கோட்டை_டீச்சர்

கணினியில் ஏற்றினால் நிம்மதி என்று சொல்லும் தம்பிக்கு என் கதை. 2001இல் எங்கள் பக்கத்து ஊர்களில் பாட்டிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு என்று 140 பக்கம் சேகரித்தேன். கையால் எழுதி, அப்புறம் ஒரு சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்து, ஃப்ளாப்பி, சிடி, பென்டிரைவ் என்று மாற்றி மாற்றிக் காப்பாற்றினேன். 2015இல் திறந்தால் ‘ü£†´’ மாதிரிப் பூச்சி பூச்சியாக எழுத்து. சென்டரில் எந்த எழுத்துரு போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? பாடிய ஆச்சிகளில் ஒருவர்கூட இன்று இல்லை.

கையெழுத்து நோட்டு அப்படியே இருக்கிறது. ராமபாணப்பூச்சி இரண்டு மூலையைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

நிரல்_கொழிஞ்சாம்பாறை

டீச்சர், அது அழியவில்லை! அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை. திஸ்கி ஒரு பக்கம், 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் ஒரு பக்கம், தனியார் எழுத்துரு நூறு பக்கம். தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010இல்தான். உள்ளே இருக்கும் எண்கள் அப்படியே இருக்கும், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை மட்டும் தொலைந்திருக்கிறது. மாற்றிகள் நிறைய உண்டு. ஒரு பக்கம் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அதற்குரிய கையெழுத்துப் பக்கத்தின் படத்தையும் அனுப்புங்கள். இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணையைக் கண்டுபிடித்துவிடலாம்.

செங்கோட்டை_டீச்சர்

அனுப்பிவிட்டேன் தம்பி. கையெழுத்துப் பக்கம் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் குறித்துக்கொண்டேன்.

நிரல்_கொழிஞ்சாம்பாறை

சரி சரி, அந்த ஒரு ரன் உங்களுக்கு.

தோவாளை_மலர்

கையால் எழுதினால் மனதில் நிற்கும் என்று ஆராய்ச்சியே இருக்கிறதே. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் மாணவர்களை வைத்துச் செய்தது. லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர்கள் பேசியதை அப்படியே தட்டினார்கள், கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதினார்கள், கருத்துக் கேள்விகளில் கையெழுத்துக்காரர்களுக்குத்தான் நல்ல மதிப்பெண்.

நூலகத்தும்பி

அதை 2019இல் வேறு குழு திரும்பச் செய்துபார்த்தது. அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. அதனால் அதை ரொம்ப இறுகப் பிடிக்க வேண்டாம். சுருக்கி எழுதினால் நல்லது என்பதை எடுத்துக்கொள்ளலாம், சுருக்கி எழுதத் தட்டச்சிலும் முடியும்.

நான் திருவனந்தபுரத்தில் நூலகத்தில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். பழைய பேரேடு ஐயா சொன்னதற்கு இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

ஒருவர் ஜெர்மனியின் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன். 1998இல் இறந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் கைச்சீட்டுகளில் எழுதி மரப்பெட்டிகளில் அடுக்கினார், சுமார் 90,000 சீட்டு. தலைப்பு வாரியாகப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண், அந்த எண் மாறவே மாறாது. 21 என்ற சீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சொருக வேண்டுமென்றால் 21a, அதற்குள் இன்னொன்று என்றால் 21a1. எத்தனை சொருகினாலும் பழைய எண் கலையாது. தனியாக ஒரு சொல்லடைவு, அதில் ஒரு சொல்லுக்கு ஒன்றிரண்டு எண்தான். அங்கே நுழைந்தால் சீட்டிலிருந்து சீட்டுக்குத் தாவிப் போகலாம். இப்போது பீலஃபெல்டு பல்கலைக்கழகம் அதைக் கணினியில் ஏற்றுகிறது.

குழித்துறை_ஆதாரம்

அக்கா, இது சர்வே உட்பிரிவு அல்லவா! 112 என்று ஒரு நிலம். பாகம் பிரித்தால் 112/3. அதைப் பிள்ளைகள் பிரித்தால் 112/3A, அதிலும் விற்றால் 112/3A2. ஜெர்மனிக்காரர் நம் தாலுகா ஆபீசுக்கு வந்து படித்துவிட்டுப் போனாரா?

சிரிப்பு இருக்கட்டும். நான் பத்திரம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். எங்கள் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் அல்லவா, பழைய ஆதாரப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும். 1120 என்று போட்டிருந்தால் அது 1944-45. பாதி மலையாளம், பாதி தமிழ். காகிதம் நன்றாகவே இருக்கும், படிக்கத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். போன வாரம் ஒரு வீட்டில் பேரன் இணையத்தில் பட்டாவை எடுத்துவிட்டான், இரண்டு நிமிடம். அந்தப் பட்டா யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்ற கதை முழுக்க டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றிய கட்டில் இருந்தது. அதைப் படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கே இரண்டு வார்த்தை புரியாமல் எங்கள் ஆசானிடம் கொண்டுபோனேன். அவருக்கு வயது 81.

தம்பி கம்பம்மெட்டு, உங்கள் அப்பாவின் சுருக்கெழுத்தெல்லாம் உங்களுக்குப் புரியுமா? “வ.மே. 2 ஆ.” என்றால் வண்டன்மேடா, வடக்கு மேடா?

கம்பம்மெட்டுக்காரன்

அண்ணே, இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். “வடக்கு மேட்டுல ரெண்டு ஆள்” என்றார். நான் மூன்று வருடமாக வண்டன்மேடு என்றே நினைத்திருந்தேன்.

நூலகத்தும்பி

முதலில் அதைச் செய்யுங்கள். அப்பாவை உட்காரவைத்து அவர் சுருக்கங்களுக்கு ஓர் அகராதி. ஒரு பக்கம் போதும். நோட்டு காத்திருக்கும்.

இரண்டாவது சாட்சி நம் ஊர்க்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள் அடைக்க முடியாது என்று கண்டு, 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்ப்பது அது. எதைப் பற்றி, எதைக் கொண்டு, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்.

உங்கள் அடைவுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்து ஷீட் வேண்டாம், ஒரே ஷீட். பக்க எண், தேதி, இடம் (ஓடை மூலை, வடக்கு மேடு), எது (செடி, நிழல் மரம், ஆள், ஸ்டோர்), என்ன நடந்தது (அழுகல், கிளை வெட்டும் கவாத்து, காய் எடுப்பு). ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். முழு விவரம் நோட்டில் இருக்கிறதே. ‘அழுகல்’, ‘ஓடை மூலை’ என்று இரண்டு வடிகட்டி போட்டால் பக்க எண் வந்து நிற்கும்.

வாளையார்_லாரி

ஆறாயிரம் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி என்றாலும் பத்தாயிரம் வரி ஆகிவிடாதா?

நூலகத்தும்பி

எல்லாப் பக்கமும் எதற்கு? கூலி மட்டும் இருக்கும் பக்கத்துக்குத் தேதி போதும். நோய், மருந்து, மழை, விலை, சண்டை, இந்த ஐந்தும் வந்தால் மட்டும் வரி போடச் சொல்வேன்.

பழைய_பேரேடு

சண்டையைச் சேர்த்தீர்களே, அங்கேதான் உங்கள் அனுபவம் தெரிகிறது.

(இரண்டு வாரம் கழித்து)

கம்பம்மெட்டுக்காரன்

நிலவரம் சொல்ல வந்தேன். ஏழு நோட்டு முடிந்தது. இரவு ஒரு மணி நேரம், அப்பா நாற்காலியில், நான் தரையில். அகராதி ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, மூன்று பக்கம் ஆனது. ஒரு சுருக்கம் அவருக்கே புரியவில்லை. ‘தெ.சா.’ என்று 1991 முழுக்க வருகிறது. தெரிந்தால் சொல்கிறேன்.

ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன், மற்றவர்கள் தப்பிக்கச் சொல்கிறேன். அப்பா பழைய மழையை அங்குலம், சென்ட் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) என்று எழுதியிருக்கிறார், எஸ்டேட்காரர்கள் வழக்கம் அது. 1-35 என்றால் ஓர் அங்குலம் 35 சென்ட், அதாவது 34.3 மில்லிமீட்டர். நான் அதை அப்படியே எக்செலில் தட்டிக்கொண்டே போனேன். நானூறு வரி தாண்டி நிமிர்ந்து பார்த்தால் 1-35 எல்லாம் 1935 ஜனவரி ஆகியிருக்கிறது. 2-10 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜெயந்தி. எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் ஐந்து இலக்க எண் வருகிறது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “மழைக்குக்கூட லீவு விட்டுட்டியா?” என்று கேட்டார்.

நிரல்_கொழிஞ்சாம்பாறை

வெட்கப்படாதீர்கள், விஞ்ஞானிகளே இதில் விழுந்திருக்கிறார்கள். மார்ச்1, செப்ட்1 என்று மரபணுப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கி ஆய்வுத்தாள்களில் எல்லாம் பிழை புகுந்து, கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு பெயரையே மாற்றிவிட்டது. எக்செலை மாற்றுவதைவிட மனித மரபணுவின் பெயரை மாற்றுவது எளிதாகப் போய்விட்டது.

தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை ‘எழுத்து’ என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி. நல்லவேளை, மூலம் நோட்டில் இருக்கிறது. (இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே!)

டீச்சர், உங்கள் கோப்பில் 140 பக்கத்தில் 131 வந்துவிட்டது. ஒப்பாரியில் ஒன்பது பக்கம் இன்னும் அடம் பிடிக்கிறது.

செங்கோட்டை_டீச்சர்

அந்த ஒன்பதை நானே நோட்டைப் பார்த்துத் தட்டிவிடுகிறேன். மீதியை நேற்று இரவு முழுக்க வாசித்தேன். ஒரு பாட்டில் நோட்டில் இருப்பதற்கும் கோப்பில் இருப்பதற்கும் இரண்டு வரி வேறுபடுகிறது. தட்டும்போது நானே திருத்தியிருக்கிறேன் போல. எது ஆச்சி பாடியது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

கறார்_காசி

சரி, அழுகல் என்ன ஆயிற்று? அதைச் சொல்லவே இல்லையே.

கம்பம்மெட்டுக்காரன்

அண்ணே, நல்ல கேள்வி. அடைவில் ஓடை மூலை என்று வடிகட்டினேன். ஏழு நோட்டுக்குள்ளேயே மூன்று தடவை வந்திருக்கிறது. மூன்று தடவையும் அதற்கு முந்தைய கோடையில் அந்த மூலையில் நிழல் கவாத்து செய்யாமல் விட்டிருக்கிறோம். ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு வருடம், வாய்க்கால் தகராறு என்று இன்னொரு வருடம் (சண்டையைச் சேர்க்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி). காற்றும் வெயிலும் புகாமல் ஈரம் தங்கியிருக்கும். அப்பாவுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஞாபகம் இருந்தது, மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் மருந்து அடித்தாயிற்று. வரும் கோடையில் முதல் கவாத்து அங்கேதான்.

இன்னொன்று. கடைசி நோட்டுகளை முன்கூட்டியே புரட்டினேன், ஆசை தாங்கவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ள வாரம் முழுக்கப் பென்சிலில் இருக்கிறது, நனைந்தும் அழியவில்லை. பக்கத்துப் பக்கங்களில் இங்க் பேனாவில் எழுதியது கரைந்து நீலமாகிக் கிடக்கிறது. அடுத்த வருடம் ஆகஸ்டில் புத்தடியில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டதே, அந்தப் பக்கத்தில் அப்பா ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: “நம்மிடம் காய் இல்லை.” இதை எந்த நெடுவரிசையில் போடுவது?

நூலகத்தும்பி

விலை.

குழித்துறை_ஆதாரம்

சண்டை.

கம்பம்மெட்டுக்காரன்

ஒரு சின்ன உதவி. பக்க எண்ணைக் கையால் போட்டுக் கை வலிக்கிறது. பழைய ஆபீசுகளில் தட்டத் தட்ட எண் தானாக ஏறும் முத்திரை மெஷின் இருக்குமே, அது இப்போது கிடைக்கிறதா?

பழைய_பேரேடு

கிடைக்கும். நம்பரிங் மெஷின் என்று கேளுங்கள். தேனியில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். நோட்டுக்கு நோட்டு ஒன்றிலிருந்து தொடங்காமல் ஒரே தொடர் எண்ணாகப் போடுங்கள். நடுவில் ஒட்டிய ரசீது இருந்தால் குழித்துறைத் தம்பி சொன்ன மாதிரி 1203A. ஆறு இலக்க மெஷினாக வாங்குங்கள்.

வாளையார்_லாரி

ஆறாயிரம் பக்கம்தானே? நாலு இலக்கமே 9,999 வரை போகுமே ஐயா.

கம்பம்மெட்டுக்காரன்

ஆறு இலக்கம்தான் வாங்கவேண்டும் அண்ணே. அடைவு போடுகிறேன் என்று தெரிந்ததும் அப்பா நேற்று கம்பத்தில் இறங்கி, புதிதாக இரண்டு டஜன் நோட்டு வாங்கி வந்துவிட்டார்.